துவக்கு மருந்து

கவுன்சிலிலிருந்து இரண்டு பேர் வந்து கமலாம்பிகையின் மிளகாய்த்தூளைக் கைதுசெய்துகொண்டு போனார்கள்.

தொண்ணூற்றோராம் ஆண்டு மாசி மாதம். லண்டன் குட்மேய்ஸ் தெருக்களில் கணுக்கால் உயரத்துக்குப் பனி கொட்டி, ரயில் ஓடாமல், பால்காரன்கூட எட்டிப் பார்க்காத வெள்ளிக்கிழமை. ஊரில் எல்லாம் நின்றுபோன அன்றைக்கும் இவர்கள் மட்டும் சப்பாத்தைத் தட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். ஓர் ஆண், ஒரு பெண். அந்தப் பெண்ணுக்கு இந்த வீட்டு மகள் தவமலரின் வயதுதான் இருக்கும், இருபத்துமூன்று. ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு குசினி அலுமாரியைத் திறந்தாள். மிளகாய்த்தூள், மல்லி, மஞ்சள், வெந்தயம், பெருங்காயம், ஒடியல்மா, பழப்புளிப் போத்தல், சாமிப்படத்தடியில் இருந்த குங்குமச் சிமிழ், கண்மை எல்லாம் தனித்தனிப் பிளாஸ்டிக் பைக்குள் போயின. பைக்கு மேல் இலக்கம் எழுதினாள். மிளகாய்த்தூளை மணந்து பார்த்துவிட்டு மூன்று தரம் தும்மினாள்.

"நல்லா மணக்கட்டும்," என்றாள் கமலாம்பிகை. கழுவுதொட்டியில் சாய்ந்து, தொங்கிப்போன வலது கையை இடது கையால் ஏந்திப் பிடித்திருந்தாள். "தவம், நாளைக்கு நான் என்னத்தைப் போட்டுச் சமைக்கிறது எண்டு உதுகளைக் கேள்."

"விடும் கமலம். அவையள் தங்கட வேலையைச் செய்யினம்," என்றார் அவள் புருஷன் தில்லையம்பலம்.

டை கட்டியிருந்தார். அரசாங்கத்தின் ஆள் வீட்டுக்கு வருகிறான் என்றால் அவருக்கு டை கட்ட வேண்டும். தேத்தண்ணி போட்டுக் கொடுத்ததும் அவர்தான். அந்த ஆண் மாடிப்படியை அண்ணாந்து பார்த்து, மேலே என்ன இருக்கிறது என்று கேட்டான்.

"படுக்கையறைகள். மூன்று," என்றார் ஆங்கிலத்தில்.

மூன்றில் ஒன்றில் கட்டிலே கிடையாது. அந்தச் சின்ன அறைக்குள் அவருடைய கூட்டாளி றெஜினோல்ட் ஒன்பது மணியிலிருந்து இருமலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தவமலருக்கு அது தெரியும். அவள்தான் கதவு திறந்து விட்டவள். ஆனால் அவள் மனம் அப்போது மேலே போகவில்லை. தாயின் கையில் நின்றது.

மார்கழியில் தொடங்கிய வருத்தம். வயிற்றைப் பிசைந்தெடுக்கும், பசிக்காது, முகம் கடதாசி மாதிரி வெளிறிப்போனது. பொங்கலன்று தேங்காய்ப்பூவைப் பிழிந்துகொண்டு நின்றவளின் வலது கை மணிக்கட்டோடு தொங்கியது. தூக்கச் சொன்னால் தூக்க ஏலவில்லை. குடும்ப டொக்டர் முதலில் வயது என்றார். பிறகு வாயு என்றார். மூன்றாந்தரம் தவமலர் லீவு போட்டுக்கொண்டு போய் மேசையில் குத்திக் கேட்ட பிறகுதான் இரத்தம் எடுத்தார். இரத்தத்தில் ஈயம். நாலு பேருக்கு இருக்க வேண்டிய ஈயத்தை அம்மா ஒருத்தி வைத்திருந்தாள். ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அன்றைக்குத் தவமலருக்கு லீவு கிடைக்கவில்லை. தகப்பன்தான் கூட்டிக்கொண்டு போனார்.

"என்ன தேடுறீங்கள் என்றாவது சொல்லுங்கள்," என்றாள் தவமலர். அவளுடைய ஆங்கிலத்தைக் கேட்டதும் அந்த ஆள் கொஞ்சம் நிமிர்ந்தான். கோப்பைத் திறந்து ஆஸ்பத்திரிக் கடிதத்தில் ஒரு வரியைக் காட்டினான். வீட்டில் வைத்திருக்கும் 'ஆரம்ப மருந்து' ஒன்றை வாரம் இருமுறை எடுப்பதாக நோயாளி மொழிபெயர்ப்பாளர் மூலம் ஒப்புக்கொண்டார். நாட்டு மருந்தாக இருக்கலாம்.

ஒப்புக்கொண்டாராம். களவெடுத்தவள் மாதிரி.

அவர்கள் போனதும் கதவை அடித்துச் சாத்திவிட்டு வந்தாள். தகப்பன் மேலே போய்விட்டார்.

"அம்மா, ஆரம்ப மருந்து எண்டால் என்ன?"

"என்ன மருந்து?"

"கிழமைக்கு ரெண்டு தரம் எடுக்கிறியளாம். ஆர் தந்தது? கோவிலடியில குடுக்கிற லேகியமோ? இல்லாட்டி அருமைச் சித்தி கொண்டுவந்து தந்தவவோ?"

"எனக்கு ஒருத்தரும் ஒரு லேகியமும் தரேல்லை."

"பொய் சொல்லாதேங்கோ அம்மா. நீங்கள் சொல்லித்தான் எழுதிக் கிடக்கு. உங்கட கை போகுது, தெரியுமோ? உந்தக் கை இனி வராமலும் போகலாம். இப்பவும் ஒளிச்சு வைச்சு என்ன செய்யப் போறியள்?"

"நான் என்னத்தையடி ஒளிச்சன்?" கமலாம்பிகைக்குக் குரல் ஏறியது. "அந்த நேர்ஸ் பிள்ளை கேட்டது, வீட்டில நாட்டு மருந்து இருக்கோ எண்டு. நான் சொன்னன், நாட்டு மருந்து ஒண்டும் இல்லை மேனை, வீட்டில கிடக்கிறது துவக்கு மருந்து, அதைத்தான் கிழமைக்கு ரெண்டு தரம் எடுக்கிறனான் எண்டு. வடிவாத்தான் சொன்னனான். அதைக் கேட்டுட்டும் மிளகாய்த்தூளைக் கொண்டுபோகுதுகள். விசர்க் கூட்டம்."

தவமலர் தாயின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அந்த நேர்ஸ் எந்த ஊர்?"

"மதுரைப் பக்கமாம். நிர்மலா எண்டு பேர். நல்ல பிள்ளை, என்ர தலையைத் தடவி விட்டது. ஏன்?"

லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் தவமலரோடு ஒரே அறையில் மூன்று வருஷம் இருந்தவள் பாமா, திருச்சிக்காரி. ஒருநாள் பேச்சோடு பேச்சாக 'அப்பாவிட்டை ரெண்டு துவக்கு இருக்கு' என்று தவமலர் சொல்ல, 'என்னத்தைத் துவக்கப் போறாரு, கடையா?' என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அவர்களுடைய ஊரில் துவக்கு என்றால் தொடங்கு. துப்பாக்கியைத் துவக்கு என்று சொல்ல அங்கே ஆளில்லை.

கமலாம்பிகை சொன்னது துப்பாக்கி மருந்தை. நிர்மலாவின் காதில் விழுந்தது ஆரம்ப மருந்து. கமலாம்பிகை 'எடுக்கிறனான்' என்றது, சுட்ட தோட்டாவின் கோதுக்குள் ஒட்டிக் கிடக்கும் மருந்துக் கரியைக் கிளறி எடுப்பதை. நிர்மலாவுக்கு அது வாயில் போட்டு விழுங்குவது. இரண்டு தமிழச்சிகள் ஒரே அறைக்குள் இருந்து தமிழில் கதைத்து, ஒருத்தி சொன்ன உண்மை மற்றவளின் வாயால் வேறொன்றாகி வெளியே வந்து, கடிதமாகி, கவுன்சிலுக்குப் போய், கையுறை மாட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறது.

சிரிப்பு வரவேண்டிய இடம். தவமலருக்கு வரவில்லை.

"அப்பா எங்கை நிண்டவர், அந்த நேரம்?"

"பக்கத்தில. என்ர கோட்டை மடியில வைச்சுக்கொண்டு இருந்தவர்."

"நேர்ஸ் டொக்டருக்கு இங்கிலிசில சொன்னது அவருக்குக் கேட்டதோ?"

"கேக்காமல் என்ன. ஒரு முழம் தள்ளித்தானே இருந்தவர்." சொல்லி முடித்த பிறகுதான் கமலாம்பிகைக்குத் தான் சொன்னது என்னவென்று தெரிந்தது. அவர் கேட்டும் திருத்தாமல் இருந்திருக்கிறார்.

தில்லையம்பலம் வவுனியாக் கச்சேரியில், அதாவது மாவட்ட அலுவலகத்தில், பதினெட்டு வருஷம் கிளாக்கராக இருந்தவர். துவக்கு அனுமதிப்பத்திரம் எழுதுகிற மேசை அவருடையது. வயலுக்குப் பன்றி வருகிறது என்று வந்தவனுக்கும், யானை வருகிறது என்று வந்தவனுக்கும், எதுவும் வராமலே காரில் வந்த முதலாளிக்கும் எழுதிக் கொடுத்தார். தான் ஒரு நாளும் தொட்டதில்லை. லண்டனுக்கு வந்து தபால் கந்தோரில் கடிதம் தரம்பிரித்துக்கொண்டிருந்த காலத்தில் கூட வேலைசெய்த ஒருவன் துப்பாக்கிக் கழகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். நாற்பத்தைந்து வயதில் முதல் தடவையாக றைபிளைத் தோளில் வைத்தார். பிடித்தது பைத்தியம்.

சுடுவதைவிடத் தோட்டா கட்டுவதில்தான் பைத்தியம் கூட. கழகத்தில் சுட்டு முடிந்த பித்தளைக் கோதுகளைப் பொறுக்கி வருவார். துலக்கி, புது மருந்து நிறுத்துப் போட்டு, குண்டுக்கு ஈயச் சன்னம் வைத்து அழுத்தித் திரும்பவும் தோட்டாவாக்குவார். சின்ன அறையில் அதற்கு ஒரு வாங்கு மேசை, ஒரு கைப்பிடி இயந்திரம், நகைக்கடைத் தராசு மாதிரி ஒரு தராசு. மருந்துக்கு மரப்பெட்டி. சுவரோடு சேர்த்து முறுக்கிய இரும்பு அலுமாரிக்குள் துவக்குகள். எல்லாம் சட்டப்படி. மூன்று வருஷத்துக்கு ஒருக்கால் பொலிஸ்காரர் வந்து பூட்டை ஆட்டிப் பார்த்து, கமலாம்பிகை சுட்ட வடையைத் தின்று, 'எல்லாரும் உங்களை மாதிரி இருந்தால் எங்களுக்கு வேலையில்லை, மிஸ்டர் தில்லை' என்று சொல்லிவிட்டுப் போவார். அந்த ஒரு வசனத்தில் மனிதர் மூன்று வருஷம் உயிர்வாழ்வார்.

கோதுகளைக் குலுக்கித் துலக்க ஒரு மெஷின் வைத்திருந்தார். தூசு பறக்கிறது என்று போன வருஷம் நிறுத்தினார். அப்போது கமலாம்பிகைதான் சொன்னாள், பித்தளைதானே, பூசைச் சாமானுக்குப் போடுற மாதிரிப் பழப்புளி போட்டால் போச்சு என்று. ஒருதரம் செய்து காட்டினாள். பவுண் மாதிரி மினுங்கியது. 'கமலம், நீர் ஒரு கெட்டிக்காரி' என்றார். கலியாணம் முடித்து இருபத்தாறு வருஷத்தில் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதோடு அந்த வேலை அவளுடைய பெயரில் எழுதப்பட்டது. ரசத்துக்குப் புளி கரைக்கிற அதே சட்டியில், அதே புளியில், நானூறு ஐந்நூறு கோது. ஈர்க்குச்சியை உள்ளே விட்டுக் கரியை வழித்தெடுத்து, அலசி, சுளகில் பரப்பி, ஹீற்றருக்கு மேல் காயவிடுவாள். பின்வளவுக் கொட்டில் குளிர் என்று சன்னத்துக்கு ஈயம் உருக்கினதும் குசினி அடுப்பில்தான். அவர் உருக்கிவிட்டுப் போனதும் அடுப்பைத் துடைத்துவிட்டு அவள் சோறு வைப்பாள்.

சுளகில் கோது காய்வதைத் தவமலர் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறாள். தள்ளி வைத்துவிட்டுத் தன் காலுறையைக் காயப்போட்டும் இருக்கிறாள். அவளுக்கு இப்போது வந்த ஆத்திரத்தில் ஒரு பங்கு அதற்கு.

படிகளில் ஏறினாள். சின்ன அறையில் தகப்பன் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். றெஜினோல்ட் கதிரையில் நன்றாகச் சாய்ந்து இருமிக்கொண்டிருந்தார். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு, கரவெட்டிக்காரர்.

"போயிட்டினமோ பிள்ளை? சத்தம் காட்டாதை எண்டு உன்ர கொப்பர் சொல்ல, ஒரு மணித்தியாலம் நான் இருமேல்லை. அவர் சுட்டு வாங்கின கேடயமெல்லாம் என்னத்துக்கு, இதுக்கெல்லோ எனக்கொரு கேடயம் தரவேணும்."

"அங்கிள், உந்தக் கோதுகளில ஈயம் இருக்கோ?"

"கோது பித்தளை மேனை. சுட்ட பிறகு உள்ளுக்குக் கரி பிடிச்சிருக்கும், அதில இருக்கு. சன்னம் முழுக்க ஈயம். ஏன் கேக்கிறாய்? போன வருஷம் கிளப்பில எல்லாருக்கும் ரத்தம் எடுத்துப் பாத்தவை. எனக்குக் கொஞ்சம், கொப்பருக்கு என்னைவிடக் கொஞ்சம் கூட. அதுக்குப் பிறகுதானே ஆள் மெஷினை நிப்பாட்டிப் போட்டு டொக்டர் மாதிரிக் கையுறை போட்டுக்கொண்டு…"

தில்லையம்பலத்தின் முகத்தைப் பார்த்தார். தவமலரின் முகத்தைப் பார்த்தார். எழுந்து கோட்டைத் தேடினார்.

"பனி கூடமுதல் நான் வெளிக்கிடுறன் தில்லை."

"இருங்கோ அங்கிள். ஏன் ஓடுறியள்? நீங்கள் சுடுற கோதையும் சேத்துத்தான் அம்மா கழுவினவ."

"எனக்கு அது தெரியாது பிள்ளை. சத்தியமாத் தெரியாது. மினுங்குது மினுங்குது எண்டு சொல்லித் தந்தார், நானும் வாங்கினன்." தொப்பியைக் கையில் கசக்கிப் பிடித்தபடி படியிறங்கிப் போனார்.

மேசையில் ஒரு பலகையில் கோதுகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் மினுக்கென்றால் அப்படி ஒரு மினுக்கு. தகப்பனின் கையில் வெள்ளைக் கையுறை.

"தெரிஞ்சுகொண்டே அம்மாட்டைக் குடுத்தனீங்கள்."

"இல்லைப் பிள்ளை. தூசுதான் கூடாது எண்டவை. தண்ணிக்குள்ள போட்டால் தூசு பறக்காதுதானே. புளி போட்டால் ஊத்தை எல்லாம் போயிடும்தானே. சாமிச் சாமானையே அதாலதான் கழுவுறம். நான் அதைச் சுத்தம் எண்டு நினைச்சன்."

அது பொய்யில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. கச்சேரியில் கோப்பைப் படித்த மனிதர், குசினியில் ஒரு நாளும் ஒரு பாத்திரம் கழுவாத மனிதர், கழுவினால் எல்லாம் சுத்தம் என்று நம்பியிருக்கிறார். உண்மை என்று தெரிந்ததால் ஆத்திரம் குறையவில்லை.

"சரி. அது தெரியாமல் செய்தது. ஆஸ்பத்திரியில? அந்த நேர்ஸ் பிழையாச் சொன்னது உங்களுக்கு விளங்கினதோ இல்லையோ?"

தராசின் சின்னத் தட்டை நேர்ப்படுத்தினார்.

"அப்பா, உங்களைத்தான்."

"விளங்கினது."

"அப்ப ஏன் வாயைத் திறக்கேல்லை?"

"டொக்டர் கேட்டது கொம்மாவை. என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை."

தவமலர் அந்தப் பலகையைத் தட்டிவிட்டாள். கோதுகள் தரையெல்லாம் உருண்டன. ஒன்று கதவைத் தாண்டிப் படிகளில் ஒவ்வொன்றாகக் குதித்து இறங்குகிற சத்தம் கேட்டது.

"கேக்கேல்லையோ? அவவுக்குக் கை தொங்குது, உங்களுக்குக் கேள்வி வேணுமோ? படிவம் நிரப்ப வந்தனீங்களோ, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுத?"

"கத்தாதை. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்." குரலைத் தாழ்த்தினார். "சித்திரையில என்ர அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க வேணும். இப்ப இந்த விசயம் வெளியில வந்தால் என்ன நடக்கும்? தமிழன்ர வீட்டில வெடிமருந்து எண்டு ஒருத்தன் பேப்பரில எழுதினால், சட்டப்படி வைச்சிருந்தது எண்ட கடைசி வரியை ஆர் வாசிக்கப் போறான்? எங்கட நாட்டு நிலைமை உனக்குத் தெரியும்தானே. இஞ்சை எத்தினை சனம் விசா இல்லாமல் நிக்குது. உன்ர வேலைக்கும்…"

"என்ர வேலையை இழுக்காதேங்கோ. எங்கட சனத்தையும் இழுக்காதேங்கோ. செத்துக்கொண்டிருக்கிற சனத்தைக் கொண்டுவந்து உங்கட பொழுதுபோக்குக்கு மறைப்புக் கட்டாதேங்கோ. பொலிஸ்காரன் வடை தின்னுட்டு நல்லவர் எண்டு சொல்ல வேணும், அதுக்குத்தானே?"

அவர் கையுறையைக் கழற்றினார். சரியான இடத்தில் பட்டுவிட்டது.

"கறித்தூளைப் பாத்துட்டு ஒண்டும் இல்லையெண்டால் விட்டுடுவினம் எண்டு நினைச்சன்," என்றார். "அதுக்குள்ள உந்த வேலையை நிப்பாட்டிடலாம் எண்டு…"

"நிப்பாட்டினீங்களோ?"

"செவ்வாய்க்கிழமையும் கழுவினனான்," என்றது படியிலிருந்து ஒரு குரல்.

கமலாம்பிகை பாதிப் படியில் நின்றாள். உருண்டு வந்த கோது அவளுடைய காலடியில் கிடந்தது. "இடக் கையால. ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்கு வேணும் எண்டவர். ஈயம் எண்டு ஆஸ்பத்திரியில சொல்லி ரெண்டு கிழமை. அது இதில இருந்துதான் வருகுது எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

"கமலம்…"

"வியாழக்கிழமை கிளினிக். தவம், நீ ஒருத்தருக்கும் போன் பண்ணாதை. நான் சொல்லுறன். முதலும் நான்தானே சொன்னனான், அதைத் திருப்பிச் சொல்லத் தெரியாதோ எனக்கு? நீங்களும் வாறியள். டையைக் கட்டிக்கொண்டு வாங்கோ."

அன்றைக்குப் பின்னேரம் தவமலர் குசினியில் இருந்த சட்டி, தாச்சி, அகப்பை, சுளகு எல்லாவற்றையும் அள்ளிப் பின்வளவுப் பனிக்குள் எறிந்தாள். எறிய எறியக் கை விறைத்தது. நிறுத்தவில்லை. கடைக்குப் போய்ப் பாணும் வாழைப்பழமும் கடதாசித் தட்டுகளும் வாங்கி வந்தாள். வியாழன் வரை அந்த வீட்டில் அதுதான் சாப்பாடு. தில்லையம்பலம் பாணைக் கத்தியால் சதுரமாக வெட்டித் தின்றார். ஒருதரம் சம்பல் இருக்கோ என்று கேட்டார். தவமலர் வாழைப்பழத்தைத் தள்ளி வைத்தாள்.

வியாழக்கிழமை பனி கரைந்து தெருவெல்லாம் கறுப்புச் சேறு. கிளினிக்கில் டொக்டர் நல்ல மனிதர் மாதிரித்தான் இருந்தார். கறித்தூளில் ஈயம் இல்லை, கண்மையிலும் இல்லை என்று தாளைப் பார்த்துச் சொன்னார். அந்த ஆரம்ப மருந்தை நிறுத்தியாயிற்றா என்று நிர்மலாவிடம் கேட்டார்.

"அம்மா, அன்னைக்குச் சொன்னீங்களே, அந்த ஆரம்ப மருந்து, அதை நிறுத்திட்டீங்களா?"

"அது ஆரம்ப மருந்தில்லை மேனை. துவக்கு மருந்து. துவக்கு எண்டால், நீங்கள் துப்பாக்கி எண்டு சொல்லுவியள். டுமீல் எண்டு சுடுறது. அதுக்குள்ள போடுற மருந்து. இவர் சுடுறவர். நான் அந்தக் கோதுகளைக் கையால கழுவுறனான், கிழமைக்கு ரெண்டு தரம், சமைக்கிற சட்டியில."

நிர்மலா வாயில் கையை வைத்துக்கொண்டாள். "ஐயய்யோ. நான் துவக்கம்னு நினைச்சேம்மா. ஏதோ சூரணம், முதல்ல சாப்பிடுற மருந்துன்னு…" கண் கலங்கியது அவளுக்கு. "மன்னிச்சிருங்கம்மா. நானே தமிழு, நானே தப்பாச் சொல்லிட்டேன்."

"நீ என்ன செய்வாய். உனக்குத் தெரியாது. தெரிஞ்ச ஆள் பக்கத்தில இருந்தது."

நிர்மலா மொழிபெயர்த்தாள். டொக்டர் பேனாவை வைத்துவிட்டுத் தில்லையம்பலத்தின் பக்கம் திரும்பினார். கேட்டுவிட்டார். இனிப் பதில் சொல்லத்தான் வேண்டும்.

தில்லையம்பலம் சொன்னார். அழகான ஆங்கிலத்தில், கச்சேரி ஆங்கிலத்தில், ஒன்றையும் விடாமல் சொன்னார். அனுமதிப்பத்திரத்தின் இலக்கத்தையும் சொன்னார். "என் மனைவி தன்னுடைய சொந்த விருப்பத்தின் பேரில் கழுவினாள். சமையல் பாத்திரத்தைப் பயன்படுத்தும்படி நான் ஒருபோதும் அறிவுறுத்தவில்லை" என்றும் சொன்னார். டொக்டருடைய மாமனாரும் றைபிள் சுடுகிறவராம். எந்த அளவுத் தோட்டா, எத்தனை கஜத் தூரம் என்று கேட்டார். தில்லையம்பலத்தின் முதுகு நிமிர்ந்தது. இரண்டு ஆம்பிளைகளும் தூரத்தைப் பற்றியும் காற்றைப் பற்றியும் கதைத்தார்கள். நடுவில், சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டி, இரத்தம் எடுக்கக் கையை நீட்டியபடி கமலாம்பிகை உட்கார்ந்திருந்தாள்.

"இங்கே நோயாளி யார்?" என்றாள் தவமலர் ஆங்கிலத்தில். "என் தகப்பன் எத்தனை கஜம் சுடுவார் என்பது அம்மாவின் கையைத் தூக்குமா? தூக்கும் என்றால் தொடர்ந்து பேசுங்கள், நாங்கள் காத்திருக்கிறோம்."

டொக்டரின் காது சிவந்தது. அதன் பிறகு கமலாம்பிகையைப் பார்த்துப் பேசினார். குளிசை தருகிறேன், கை திரும்பக்கூடும், மெல்லத்தான் திரும்பும், ஆனால் ஈயம் இருக்கிற வீட்டுக்குள் குளிசை குடித்துப் பயனில்லை. வீடு முழுவதும், மேலிருந்து கீழ்வரை, ஈரத் துணியால் துடைக்க வேண்டும். பெருக்கக் கூடாது, பெருக்கினால் பறக்கும். கம்பளத்தை எடுத்தெறிய வேண்டும். கவுன்சில் வந்து பார்த்துச் சரி என்கிற வரைக்கும் நோயாளி அங்கே இருக்காமல் விட்டால் நல்லது. பொலிசுக்குத் தானே எழுதுவதாகத் தில்லையம்பலம் சொன்னார். வேறு ஒருவர் எழுதுவதைவிட அது மேல் என்று நினைத்திருப்பார்.

வெளியே வந்ததும் கமலாம்பிகை ரோட்டைக் கடக்கப் போனாள்.

"கமலம், எங்கட பஸ் இங்காலை," என்றார் அவர்.

"தெரியும். நான் அப்டன் பார்க்குக்குப் போறன், அருமை வீட்டை. தவம், என்ர சீலை நாலையும் கம்பளிச் சட்டையையும் பிறகு கொண்டுவா. தோய்ச்சுப்போட்டுக் கொண்டுவா."

"எத்தினை நாளைக்கு?" என்றார் தில்லையம்பலம்.

"அதை என்னட்டைக் கேட்டு? கழுவுறது நீங்கள்தானே."

"நானோ? ஆரையேன் பிடிச்சுச் செய்விக்கலாம்…"

"ஒருத்தரையும் பிடிக்கக் கூடாது. கூலிக்கு வாற பெட்டையளுக்கும் கைதான் இருக்கு." சொல்லிவிட்டு, தொங்குகிற கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு, சேற்றைப் பார்த்துப் பார்த்துக் கால்வைத்துக் கடந்து போனாள். எதிர்ப்பக்கம் பஸ் வந்து மறைத்தது. பஸ் போனபோது அங்கே ஒருத்தரும் இல்லை.

தகப்பனும் மகளும் தங்கள் பஸ்ஸில் ஏறினார்கள். வீட்டுக்கு வந்ததும் தில்லையம்பலம் கோட்டைக் கழற்றி மாட்டினார். டையைக் கழற்றி மடித்து வைத்தார். சட்டைக் கையை இரண்டு முறை சுருட்டினார். குசினிக்குள் போய் நடுவில் நின்று, தான் இருபது வருஷமாகச் சாப்பிட்ட இடத்தை முதல் தடவை வந்த விருந்தாளி மாதிரிச் சுற்றிப் பார்த்தார். ஒரு அலுமாரியைத் திறந்தார். மூடினார். மற்றதைத் திறந்தார். கழுவுதொட்டிக்குக் கீழே குனிந்து பார்க்க நினைக்கவில்லை.

தவமலர் கதிரையை இழுத்துப்போட்டுக் கதவடியில் உட்கார்ந்தாள்.

"பிள்ளை," என்றார், "வாளி எங்கை கிடக்கு?"

அது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அவர் நிற்கிற இடத்திலிருந்து இரண்டடி தூரம்.

"தேடுங்கோ," என்றாள்.